கதவுக்கு மேலே ஒரு கோடு

ஒரு சுவர் என்னை இரண்டு தடவை முட்டாளாக்கிவிட்டது. நான் விடுவேனா?

கட்டிக்கொடுத்த வீட்டில் நிம்மதியில்லை என்று நாத்தனார் ஒரே ஒரு பெட்டியோடு வந்துவிட்டாள். ஹாலை ஜிப்சம் போர்டால் மறித்து அவளுக்கு ஓர் அறை போட்டோம். கொஞ்ச நாளிலேயே கதவு மூலைக்கு மேலே, இரண்டு பலகை சேரும் இடத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். பழைய டேப்பைக் கீறி எடுத்து, வலை டேப் ஒட்டி, மெல்லிசாகப் பட்டி இழுத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். டார்ச்சைச் சுவரோடு சாய்த்து அடித்தாலும் மேடு பள்ளம் தெரியவில்லை. எனக்கே என்னைப் பிடித்துப்போனது. மறுபடியும் அதே இடத்தில் விரிந்தது. திரும்பப் பூசினேன்; திரும்பவும் விரிந்தது.

"போர்டு அடிச்சவன் சரியில்ல" என்றார் கணவர், போனிலிருந்து தலையைத் தூக்காமலே. பெரிய துப்பறியும் நிபுணர்.

நாத்தனார் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "நான் வந்த நேரம், அண்ணி. உங்க வீடே விரியுது. ஹாஸ்டல்ல இடம் கேட்டிருக்கேன்."

"வாயை மூடு" என்றேன். கோபமில்லை, பயம். ஹாஸ்டலில் நாலு நாள் தனியாக இருந்தால் இவள் அந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விடுவாள்.

மூன்றாவது தடவை பூசிக் காய்ந்ததும், விரிசல் வரும் இடத்துக்குக் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தேன். காலையில் கோடு இரண்டாக உடைந்து, ஒரு பாதி விலகியிருந்தது. அப்படியென்றால் கதவு நிலை அசைகிறது. யார் அசைக்கிறார்கள்?

அவள் குளிக்கப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். இரும்பு பீரோவிலிருந்து கதவு வரைக்கும் தரையில் இழுத்த தடம். ராத்திரி கேட்கிற கரகர சத்தத்துக்கு நான் மாடிவீட்டுக்காரர்களை அல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!

ஈரத் தலையோடு வந்தவள், நான் தரையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"கதவுல தாழ்ப்பாள் இல்லையே, அண்ணி. அதான் பீரோவை முட்டுக் கொடுத்துட்டுப் படுக்கறேன்."

"நம்ம வீட்டு ஆளுங்கதானேன்னு போடாம விட்டுட்டோம்டி."

"தெரியும், அண்ணி." துண்டைப் பிழிந்துகொண்டே நின்றாள். "அங்க என் ரூமுக்குத் தாழ்ப்பாள் இருந்துச்சு. வெளிப்பக்கம்."

நேரே கடைக்குப் போய் இருப்பதிலேயே கனமான தாழ்ப்பாளாக வாங்கிவந்தேன். ஸ்க்ரூ டிரைவரை அவள் கையில் கொடுத்தேன்.

"உள்பக்கம். நீயே முடுக்கு."

நான் வெளியே ஸ்டூலில் ஏறி, நாலாவது தடவையாகப் பட்டி இழுத்தேன். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. திறந்தது. மறுபடி விழுந்தது. திறந்து, விழுந்து, திறந்து. ஈரப் பட்டி அதிரும், நிறுத்துடி என்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அழுகையும் சிரிப்புமாக அப்படியே நின்றேன்.

"ஹாஸ்டலுக்கு நீங்களே ஒரு போன் போட்டு வரலைன்னு சொல்லிடுங்க, அண்ணி" என்றாள், தாழ்ப்பாளைத் திறக்காமலே.