ஷூ அடியில் ஒட்டிய மண்

சதுப்புநிலக் காப்பகத்துக்கு இரண்டு பேருக்கு அனுமதி வாங்கி வைத்தது என் மனைவி. பூ விடும் பருவம் வருவதற்குள் போய்விட்டாள். அவளுடைய இடத்தில் அவள் அண்ணன் வந்தான்.

வாசலில் பிரஷும் மருந்துத் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. வெளி மண்ணில் களை விதை இருக்கும், உள்ளே விழுந்து முளைத்தால் அரிய செடிகளை அமுக்கிவிடும், ஷூவை நன்றாகத் தேயுங்கள் என்று பெண் காவலர் எல்லோரிடமும் சொன்னார்.

“மாப்ள, இது ஷூவா, வயக்காடா? என்னோடத விட மோசமா இருக்கே” என்றான் மச்சான். குனிந்து தன்னுடையதைத் தேய்க்க ஆரம்பித்தான்.

அவளைப் புதைத்த அன்று மழை. அதற்குப் பிறகு இந்த ஷூவை நான் போடவில்லை. துடைக்கவும் இல்லை. இன்று வேறு எதையும் போடத் தோன்றவில்லை.

“தேய்ச்சாச்சு” என்று காவலரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பலகைப் பாதையின் இரண்டு பக்கமும் தண்ணீர், பாசி. பாசிக்கு நடுவே பூச்சி தின்னும் செடிகள், சட்டைப் பொத்தான் அளவுக்கு, சிவப்பாக. அவள் இருந்தால் பலகையில் குப்புறப் படுத்துப் பார்த்திருப்பாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“மாப்ள, நில்லு. கால எடுக்காத.”

திரும்பினேன். நான் வந்த வழியெல்லாம் மண் கட்டி கட்டியாக உதிர்ந்திருந்தது. மச்சான் மண்டியிட்டுக் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு கட்டி பலகை இடுக்கு வழியாகப் பாசிமேல் விழுந்து கிடந்தது. பின்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

“தேய்ச்சாச்சுன்னு சொன்னியே?”

“சொன்னேன்.”

“அவ இருந்திருந்தா அந்த ஷூவாலயே உன் மண்டையில போட்டிருப்பா.”

“மச்சான், இது அவளப் பொதச்ச எடத்து மண்ணு.”

அவன் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

“தெரியும். நானும் அந்த மழையிலதான நின்னேன்? இப்ப வாசல்ல நான் வேற எதத் தேய்ச்சேன்னு நெனச்ச?”

ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். சாக்ஸோடு, நின்றவர்களைக் கடந்து வாசலுக்குத் திரும்பி நடந்தேன். ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“பொய் சொல்லிட்டேன்” என்றேன் காவலரிடம். கட்டி விழுந்த இடத்தையும் சொன்னேன்.

“எடுத்துடலாம். ஆனா கரைஞ்சது கரைஞ்சதுதான். இனி அந்த எடத்துல என்ன மொளைக்குதுன்னு பாத்துட்டே இருக்கணும்” என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மச்சான் கைக்குட்டையை முடிச்சுப் போட்டு, முடிச்சோடு குப்பைத் தொட்டியில் போட்டான். பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்றான்.

பிரஷை எடுத்தேன். தொட்டித் தண்ணீர் கலங்கியது. என் பின்னால் ஆட்கள் வரிசையில் காத்திருந்தார்கள்.

“குதிகால் பக்கம் இன்னும் இருக்கு சார்” என்றார் காவலர்.