முன் சீட்டில் கோட்

அக்கா, சித்தப்பா அப்பாவுக்குப் போன் போடுவதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கையில் பெட்டி, தட்ட வரவில்லை. அதனால்தான் வாயால் பேசிப் பதிவு செய்கிறேன். நீயே அப்பாவுக்குப் போட்டுக் காட்டு.

காலையில் அவர் காரில்தான் கிளம்பினோம். என் பழைய கார் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. முன் சீட்டில் வழக்கம்போல அவருடைய கோட். மடித்தால் கசங்குமாம், தொங்கவிட்டால் தோள் இறங்குமாம். அதனால் பெல்ட் போட்டு உட்காரவைப்பார். நான் எப்போதும் பின்னால்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டணும்மா. உங்க வயசுக்காரங்களுக்கு அதுதான் வர மாட்டேங்குது" என்று முழுசாகத் திரும்பி எனக்கு உபதேசம் செய்தபடியே, சும்மா நின்றுகொண்டிருந்த பேக்கரி வேனில் கொண்டுபோய்ச் சொருகினார். யாருக்கும் அடியில்லை. கோட்டுக்குக்கூட.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் என்னை உட்காரவைத்தார்.

"உன் இன்சூரன்ஸ்காரனுக்குப் போன் போட்டு, நீதான் ஓட்டினேன்னு சொல்லிடு. அடுத்தவங்க வண்டிய ஓட்டினாலும் உன் பாலிசி தாங்கும்."

"உங்க பாலிசிக்கு என்னாச்சு சித்தப்பா?"

"எனக்கு இது மூணாவதும்மா, கழட்டி விட்டுடுவான். உனக்கென்ன? பொண்ணு இடிச்சான்னா எவனும் கேள்வியே கேக்க மாட்டான்."

எனக்கென்னவா? லேப் வேனில் ரத்தச் சாம்பிள் கொண்டுபோகிற வேலை எனக்கு. என் பெயரில் ஒரு விபத்து ஏறினால் அன்றைக்கே சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். அதையும் சொன்னேன்.

"வேலை போனா வேற வேலை. என் மானம் போனா?"

அவரே என் போனில் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு எதிரே நின்றுகொண்டார். இன்சூரன்ஸ் கம்பெனிப் பெண் வண்டி யாருடையது என்று கேட்டாள். சொன்னேன்.

"இடிச்சப்ப பக்கத்து சீட்ல யாரு இருந்தாங்க?"

சித்தப்பா நெஞ்சைத் தொட்டுத் தொட்டு, "நான், நான்" என்று வாயசைத்தார். பொய்யிலும் மனிதருக்கு முன் சீட்தான் வேண்டியிருந்தது.

"ஒரு கோட் இருந்துச்சு மேடம்."

"கோட்டா?"

"ஆமா, பெல்ட் போட்டிருந்துச்சு. நான் பின்னாடி இருந்தேன்."

"அப்ப வண்டிய ஓட்டினது?"

"எங்க சித்தப்பா."

அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. "அப்படின்னா இது உங்க பாலிசில வராதும்மா. அவரோட கம்பெனிக்கு அவரையே பேசச் சொல்லுங்க. உங்க பேர்ல நான் எதுவும் போடல."

போனை வைத்ததும் குதித்தார். "சோறு போட்டு வச்சிருக்கேன், எனக்கேவா? இனிமே இந்த வீட்ல உனக்கு இடமில்ல. அண்ணன்கிட்ட இப்பவே பேசுறேன்."

"பேசுங்க சித்தப்பா. பேசும்போது வண்டி மட்டும் ஓட்டாதீங்க."

பெட்டியோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். வேலை இருக்கிறது, அப்பாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல். லேபில் கூட வேலை பார்க்கிறவள் தன் ரூமுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். அதோ, காரில் வந்தேவிட்டாள். முன் சீட்டில் கிடக்கிற பையைத் தூக்கிப் பின்னால் போடுகிறாள்.