கழுத்துவரை ஊற்றி வைத்தது

தக்கை பாதியிலேயே உடைந்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட மீதியை அவன் கத்தி முனையால் நோண்டி எடுத்திருந்தான். மேசையெங்கும் ஈர மரத்தூள் போல அதன் துணுக்குகள். சலவைக் கடையிலிருந்து அவள் வீடு திரும்பிக் கதவைத் திறந்தபோது, கணவன் டீ வடிகட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகக் கருஞ்சிவப்பாக எதையோ கண்ணாடி ஜாடியில் ஊற்றிக்கொண்டிருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் நீலச் சட்டையைக்கூட மாற்றவில்லை. அவனுடைய அக்கா இவர்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த போர்ட் ஒயின் அது. அக்கா பராமரித்துவந்த ஒரு முதியவர் தன் வீட்டு நிலவறையிலிருந்து எடுத்துத் தந்தது. கணவன் மனைவி இருவரையும்விட வயதில் மூத்தது. "குழந்தை உண்டானதும் திறங்க. அதுக்கு முன்னாடி தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன்" என்று அக்கா விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். எட்டு வருடமாக அலமாரியின் அடித்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால் அது படுத்தே கிடந்தது.

"லேப்லேர்ந்து போன் வந்துச்சு" என்றான். "இருக்காம்."

அவனுடைய எண்ணைத்தான் அவள் கொடுத்திருந்தாள். கடையில் யாருடைய சட்டையையோ கையில் வைத்துக்கொண்டு அந்தச் செய்தியைக் கேட்கத் தன்னால் முடியாது என்று. இப்போது செருப்பைக் கழற்றவும் தோன்றாமல் நின்றாள். வீட்டில் இருந்த எல்லாப் பொருள்களும் ஒரு அங்குலம் மேலே எழும்பி நிற்பதுபோல் இருந்தது. பிறகு மேசையைப் பார்த்தாள்.

"சரி, இத யாரு குடிக்கப்போறது?"

அவன் ஜாடியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "அய்யோ" என்றான்.

அவர்கள் சிரித்த சிரிப்பில் மேல் வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "மூடி வெச்சிடலாம். இத்தனை வருஷம் இருந்தது, இன்னும் ஒரு வருஷம் இருக்காதா? குழந்தை வந்தப்புறம் நீ குடிக்கலாம். இப்ப அது கசகசா அளவுதானாம், படிச்சேன்." அவன் மட்டும் ஒரு சின்ன டம்ளரில் குடித்தான். உலர்ந்த திராட்சையைப் பழைய அலமாரிக்குள் வைத்து மென்றதுபோல் இருக்கிறது என்றான். ஜாடியைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினான்.

இருட்டும் முன் டாக்டரே கூப்பிட்டார்.

"ரத்தத்துல கர்ப்ப ஹார்மோன் நம்பர் இருக்கும்மா. ஆனா நாங்க எதிர்பாக்கிற அளவு இல்ல. ரெண்டு நாள்ல அது இரட்டிக்கணும். வெள்ளிக்கிழமை வந்து மறுபடி ரத்தம் குடுங்க."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யணும் டாக்டர்? படுத்தே இருக்கட்டுமா?"

"ஒண்ணும் செய்ய வேணாம்மா. செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. எப்பவும்போல இருங்க."

அவளால் அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. இதற்கு முன் இரண்டு முறை தாங்கியிருக்கிறாள். அவனால்தான் முடியவில்லை. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசுவது அவன் வேலையில் பாதி. பயப்படாதீங்க, வந்துட்டேன், பத்து நிமிஷம். மேலே ஏறிப் பார்த்தால் எங்கோ ஒரு கம்பி, ஒரு ஸ்விட்ச், கையால் சுற்றுகிற ஒரு சக்கரம் இருக்கும். உள்ளே ஆள் இருந்து, தொடுவதற்கு எதுவுமே இல்லாத ஒன்றை அவன் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவன் ஒயின் கடைக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் கடைக்காரர் குரல் உற்சாகமாகக் கேட்டது.

"பழைய போர்ட்டா? அடியில வண்டல் இருந்துச்சா சார்?"

"நிறைய. வடிகட்டினேன்."

"தக்கை?"

"உடைஞ்சுபோச்சு."

"அப்ப அது பாட்டில்லயே வயசானது சார். ரெண்டு நாள், மிஞ்சிப்போனா மூணு. நேத்தே நாலு பேரக் கூப்பிட்டு முடிச்சிருக்கணும்."

"பழசா இருந்தா ரொம்ப நாள் தாங்கும்னு நெனச்சேனே."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. மரப் பீப்பாய்லயே வருஷக்கணக்கா கிடந்தது இருக்கு பாருங்க, அது காத்தோட பழகினது. திறந்தாலும் ஒரு மாசம், ரெண்டு மாசம் கவலைப்படாம கிடக்கும். உங்களது அப்படி இல்ல. காத்தையே பாக்காம வளந்தது. முதல் மூச்சுலயே பூ மாதிரி விரியும், அதே மூச்சுல வாடவும் ஆரம்பிச்சிடும்."

"நிறுத்தறதுக்கு வழியே இல்லையா?"

"நிறுத்த முடியாது சார். கொஞ்சம் தள்ளிப்போடலாம். சின்னச் சின்ன பாட்டில்ல கழுத்துவரை ஊத்தி, காத்துக்கு இடமே குடுக்காம மூடி, ஃப்ரிட்ஜ்ல வைங்க. அப்புறம் உங்க அதிர்ஷ்டம்."

அவன் அன்று வேலைக்கு லீவு சொன்னான். மாலை அவள் வந்தபோது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மருந்துக் கடையில் வாங்கிய சின்னக் கண்ணாடிச் சீசாக்களை வேகவைத்துத் துண்டின்மேல் கவிழ்த்திருந்தான். ஒவ்வொன்றிலும் விளிம்பு தாண்டி வழியும்வரை ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திருகினான். ஐந்து சீசாக்கள். ஃப்ரிட்ஜ் கதவில் அவள் கருத்தரிக்கப் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் அவை வரிசையாக நின்றன. அவன் நெற்றியெல்லாம் வியர்வை. எதையோ காப்பாற்றிவிட்ட முகம். அவள் அவன் சட்டைக் கையில் தெறித்திருந்த துளிகளைப் பார்த்தாள்.

"கழட்டு. இந்தக் கறை ஊறிப்போச்சுன்னா என்னாலயே எடுக்க முடியாது."

கறை அவள் தொழில். கவுன்டரில் துணியை விரித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். இது காபி, இது இரும்புத் துரு, இது ரத்தம், குளிர்ந்த தண்ணீரில்தான் போட வேண்டும். அன்று பகலில் அவள் அதிகம் பார்த்தது வாடிக்கையாளர் துணியை அல்ல. மணிக்கு ஒருமுறை கடையின் பின்னாலிருந்த கழிப்பறைக்குப் போய், கதவைத் தாழிட்டு, பல்பு வெளிச்சத்தில் தன் உள்ளாடையைப் பார்த்தாள். வெள்ளை. மறுபடியும் வெள்ளை. கூட வேலை செய்யும் பெண், "என்னக்கா, தண்ணி அதிகமா குடிக்கிறியா?" என்று கேட்டாள். "வெயில் அதிகம்டி" என்றாள் அவள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அன்று மாலையே அக்கா போன் செய்தாள்.

"டேய், எனக்கு ஒரு வாய் வெச்சிருக்கியா, இல்ல மொத்தத்தையும் நீயே முழுங்கிட்டியா?"

"இருக்குக்கா."

"ஞாயித்துக்கிழமை வரேன். உன் பொண்டாட்டி முன்னாடி உக்காந்து குடிச்சு அவள வெறுப்பேத்தணும். அவகிட்ட குடு."

அவன் போனைக் கையால் பொத்தி அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். வேண்டாம். "குளிக்கிறாக்கா" என்றான்.

வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சோடு அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்; அவன் பக்கத்தில். போன் வந்தபோது இந்த முறை அவளே எடுத்தாள்.

"ஏறியிருக்கும்மா" என்றார் டாக்டர். அவன் எழுந்துவிட்டான். "ஆனா இரட்டிக்கல. பாதிதான் ஏறியிருக்கு. இப்படி ஆரம்பிச்சு நல்லபடியா போனதும் உண்டு. போகாததும் உண்டு. செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை பாப்போம்."

"எது அதிகம் டாக்டர்?"

"செவ்வாய்க்கிழமை பாப்போம்மா."

அவன் சமையலறைக்குப் போனான். ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் வெகு நேரம் கேட்கவில்லை. அவள் போய்ப் பார்த்தபோது, ஒரு சீசாவின் மூடியைத் திறந்து மூக்கருகில் பிடித்தபடி, ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றிருந்தான்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"உனக்குத் தெரியுமா அதெல்லாம்?"

"தெரியாது" என்றான். "எனக்கு எதுவுமே தெரியலடி."

அவள் அதை வாங்கி முகர்ந்தாள். ஒரு வாரமாக அவள் மூக்கு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையின் பசை, பேருந்தில் முன்சீட்டுக்காரரின் தோல் பை, மழைக்கு முந்தைய தார். முதலில் அதையே ஒரு நல்ல அறிகுறி என்று நம்பினாள். ஊசி மருந்தாலும் அப்படி இருக்கும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். திராட்சை வாசனை இருந்தது. மரம் இருந்தது. அவற்றுக்குப் பின்னால், எங்கோ நாலு வீடு தள்ளி யாரோ வினிகர் பாட்டிலைத் திறந்து உடனே மூடியதுபோல் ஒன்று. இருந்ததா, இல்லை அவளாக வரவழைத்துக்கொண்டதா? இன்னொரு முறை முகர்ந்தாள். அந்தப் பாட்டில் மூடியே இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவன் மூடியைத் திருகித் துடைத்தான். "திறந்திருக்கவே கூடாது நான். காத்து போயிருக்குமா உள்ள?"

அவள் சீசாவை வாங்கி ஜன்னலருகே கொண்டுபோனாள். மழை விட்டு, எதிர்க் கட்டடத்தின் கண்ணாடிகளில் வெயில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்கு எதிரே சீசாவைப் பிடித்து மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சிவப்புக்குள் எதுவும் அசையவில்லை. பிறகு மூடியின் அடியிலிருந்து ஒரே ஒரு குமிழி, கசகசா அளவு, கண்ணாடியை ஒட்டிக்கொண்டு கிளம்பியது. மேலே ஏறியது. நின்றது. மீண்டும் ஏறியது.

"இருக்கா?" என்றான் அவன் பின்னாலிருந்து.

அவள் கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.