ஏகாதசிக்கு ஏகாதசி வந்த முகம்

பவித்ராவின் கல்யாண அழைப்பிதழ் ஒரு சொல்லில் நின்றுபோனது. அவள் தாத்தா சின்னையன் பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ போடுவதா, வெறும் ‘திரு’ போடுவதா?

சின்னையன் என் பெரியப்பா. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. எழுபத்தேழில் வந்த திருச்சி வெள்ளத்தன்று வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. குடும்ப அட்டையிலிருந்து அவர் பெயரை நீக்கப் பெரியம்மா செல்லக்கிளி இன்றுவரை விட்டதில்லை.

“தெய்வத்திரு போடலன்னா சம்பந்தி வீட்ல தாத்தா எங்கன்னு கேப்பாங்கம்மா” என்றார் வீரமலை அண்ணன், பெரியம்மாவின் மகன், பவித்ராவின் அப்பா.

“கேட்டா ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வரச் சொல்லு. அங்கதான் வர்றாரு.”

அவள் பெட்டியைத் திறந்து மூன்று காகிதத் துண்டுகளை என்னிடம் நீட்டினாள். மாலைச் செய்தித்தாளிலிருந்து வெட்டியவை. மூன்றிலும் பெரியப்பா மட்டும், மார்பளவு. வெள்ளத்துக்கு அடுத்த மாதம் வந்த வைகுண்ட ஏகாதசி, அதற்கடுத்த இரண்டு வருடத்து வைகுண்ட ஏகாதசிகள். பரமபத வாசல் கூட்டத்தின் படத்தில் இருந்தாராம். அன்றுமுதல் ஒவ்வொரு வருடமும் அவள் அந்த வாசலில் போய் நிற்கிறாள்.

“மூணுலயும் ஒரே சட்டையா இருக்கே பெரியம்மா?”

“அவருக்கு நல்ல சட்டை ஒண்ணுதான் பானு. மூஞ்சியப் பாரு. வருஷத்துக்கு வருஷம் கறுத்து, இளைச்சுக்கிட்டே போறாரு.”

உண்மைதான். மூன்றாவது படத்தில் கன்னம் குழிந்து, கண்ணைச் சுற்றி இருட்டு கட்டியிருந்தது.

“அச்சாபீஸ்காரன் நாளைக்குள்ள கேக்குறான். நீயே பார்த்துச் சொல்லு பானு” என்றார் அண்ணன்.

நூலகத்தில் பழைய செய்தித்தாள் கட்டுகளைப் பிரித்து, அந்த மூன்று நாள் இதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். லென்ஸ் வைத்தால் முகம் இல்லை, புள்ளிகள்தான். அந்தக் காலச் செய்தித்தாள் படம் அப்படித்தான் உருவாகும்: பெரிய புள்ளி இருட்டு, சிறிய புள்ளி வெளிச்சம். கையை நீட்டித் தூரமாகப் பிடித்தால் புள்ளிகள் சேர்ந்து ஆளாகும். மூன்று படங்களையும் அப்படிப் பிடித்தபோதுதான் கண்டேன். பெரியப்பாவைச் சுற்றி நின்றவர்களும் மாறவில்லை. வாசல் தூணின் குறுக்கே ஒரே இடத்தில் ஒரே வெள்ளைக் கீறல்.

ஒரு படத்தை அச்சிட உலோகத் தகட்டில் அந்தப் புள்ளிகளைச் செதுக்கி ‘பிளாக்’ செய்ய வேண்டும். அதற்குச் செலவும் நேரமும் பிடிக்கும். அதனால் பழைய பிளாக்கையே எடுத்து மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். தகடு தேயத் தேயப் புள்ளிகளுக்கு நடுவே மை அடைத்துக்கொள்ளும். முகம் கறுக்கும், கன்னம் குழியும். தகடு தேய்ந்ததைத்தான் பெரியம்மா அவர் மூப்பு என்று எண்ணியிருக்கிறாள்.

வெள்ளத்துக்கு முந்தைய ஏகாதசி இதழையும் தேடினேன். அதே படம் கீறல் இல்லாமல், இரண்டு மடங்கு அகலத்தில் இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அவரை யாரும் படம் எடுக்கவேயில்லை. பின்னாளில் இடம் போதாமல் பிளாக்கைப் பாதியாக அறுத்திருக்கிறார்கள். அறுபட்ட பாதியில், பெரியப்பாவின் தோளை ஒட்டி, இடுப்பில் குழந்தையுடன் ஒரு பெண்.

மாலையில் கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். வீரமலை அண்ணன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியம்மா படத்தில் கணவரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைத் தொட்டு, “இது நானு” என்றாள். “ஒரே ஒருதரம் கூட்டிட்டுப் போனாரு. இடுப்புல இவன்.”

“அப்ப வெட்டிப் போட்டது என்னயவா?” என்று கேட்டாள்.

அவள் இரண்டு விரல்களால் படத்தை அகட்டினாள். பெண் புள்ளிகளானாள், அவரும் புள்ளிகளானார். எது யாருடையது என்று தெரியவில்லை.

“பெருசாக்காதீங்க பெரியம்மா. கலைஞ்சிடும்.”

விரலை எடுத்தாள். “வீரமலை, தெய்வத்திருன்னே போடச் சொல்லுப்பா.”

பிறகு கைபேசியை, நான் சொன்னபடியே, கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அணையும்போதெல்லாம் தொட்டுத் தொட்டு ஏற்றினாள்.