நீல மூடிகள் வளைந்த வாரம்

வாயைக் கொஞ்சம் அடக்கி வைத்திருந்தால் இத்தனை அசிங்கம் வந்திருக்காது. ஆனால் பிளாஸ்டிக் டப்பா செய்யும் அந்தத் தொழிற்சாலையின் லேபில் வேலை பார்த்தவனுக்கு, தான் படித்தவன் என்ற நினைப்பு தலைக்கு மேல் ஒரு முழம். மூன்றாம் மெஷினை ஓட்டுகிறவள் சொந்த அண்ணி. அந்த மரியாதையாவது இருந்திருக்க வேண்டாமா?

வெள்ளை மூடியை நிறுத்திவிட்டு நீல மூடி போட ஆரம்பித்திருந்தார்கள். அதே பிளாஸ்டிக், அதே அச்சு, அதே சூடு. கலர் தூள் மட்டும் வேறு. இரண்டாம் நாளே அண்ணி அவனிடம் வந்தாள்.

"தம்பி, நீலம் போட்டதுலேருந்து மூடி சரியில்ல. அச்சுலேருந்து எடுக்கும்போது நேரா இருக்கு, மறுநாள் பாத்தா ஓரம் தூக்கிட்டு நிக்குது. அந்தத் தூள்ல ஏதோ இருக்கு."

பத்துப் பேர் எதிரில் அவன் சிரித்தான். "அண்ணி, கலரெல்லாம் நம்ம கண்ணுக்குத்தான். பிளாஸ்டிக்குக்கு ஏது கண்ணு?"

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டானா? டப்பா ஒழுகுகிறது என்று சரக்கு மொத்தமும் திரும்பி வந்ததும், 'ஆற விடும் நேரத்தைக் குறைத்து, மூடியைச் சூட்டோடு எடுத்திருக்கிறார்' என்று அண்ணியின் மேல் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். ஒரு சோதனைகூடச் செய்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் விசாரணை. அண்ணியை வேலையிலிருந்து நிறுத்துவதா இல்லையா என்று மேனேஜர் அன்றைக்கு முடிவு சொல்வார். ரிப்போர்ட்டுக்குத் துணையாக ஒரு தாள் இருக்கட்டுமே என்று அன்று காலையில்தான் நம் லேப் ஐயா மெனக்கெட்டார். வெள்ளை மூடியில் ஒரு துணுக்கும் நீல மூடியில் ஒரு துணுக்கும் நறுக்கி, தனித்தனியே உருக்கி, மெல்ல ஆற வைத்தான். வெள்ளை நூற்றுப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் இறுக ஆரம்பித்தது. நீலம் நூற்று இருபத்து நான்கிலேயே இறுகத் தொடங்கிவிட்டது!

மறுபடி செய்தான். அதே கதைதான். நீலத் தூளின் ஒவ்வொரு பொடியையும் பற்றிக்கொண்டு பிளாஸ்டிக்குக்குள் படிகம் முன்கூட்டியே வளர்கிறது. மூடி ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் சுருங்குகிறது. வளையாமல் என்ன செய்யும்? தூளை மாற்றும்போதே அச்சின் சூட்டையும் மாற்றியிருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவன் அவன். அண்ணி மேல் எள்ளளவும் தப்பில்லை. அப்போது மணி பத்து.

காது மடல் இரண்டும் சுட்டன. நேரே மேனேஜரிடம் போயிருக்கலாம். போனானா? சோதனை முடிவு அச்சாகி வந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பதினோரு மணி இடைவேளையில் அண்ணியிடம் போனான்.

"அண்ணி, அவசரத்துல எடுத்துட்டேன், மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மத்ததை நான் பேசிக்கறேன். வேலை போகாது."

"நான் அப்படி எடுக்கவே இல்லையே தம்பி."

"இல்லேன்னு எப்படி நிரூபிப்பீங்க?" என்றான், பாவி.

அண்ணி கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "சரி, சொல்றேன். நீ கையெழுத்துப் போட்டது. நான் எதிர்த்துப் பேசினா உனக்குத்தானே தலைகுனிவு."

பிற்பகல் விசாரணையில் சொன்னபடியே செய்தாள். பதினெட்டு வருஷமாக யாரிடமும் ஒரு சொல் வாங்காதவள் எல்லோர் முன்னும் எழுந்து நின்றாள். "தப்பு என்னுதுதான் சார். மன்னிச்சிடுங்க." "படிச்சவங்க சொன்னா கேக்கணும்மா" என்று மேனேஜர் அறிவுரை வேறு.

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. எழுந்து, தாளைப் பிரித்து மேஜையில் வைத்தான். "சார், தப்பு என்மேல. அண்ணி சொன்னதுதான் சரி. தூள்தான் காரணம்." ஒன்று விடாமல் விளக்கினான். மேனேஜர் வறுத்தெடுத்தார். அது அவனுக்கு உறைக்கவே இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று பாரம் இறங்கியதுபோல் இருந்தது, வெட்கங்கெட்டவனுக்கு.

அண்ணி தாளைக் கையில் எடுத்தாள். மேல் மூலையில் சோதனை செய்த தேதியும் நேரமும் அச்சாகியிருந்தன.

"பத்து மணி" என்றாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "நீ என்கிட்ட வந்தது பதினோரு மணிக்கு."

"அண்ணி..."

"இதை உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு, தம்பி. எனக்குச் சொல்ல வெக்கமா இருக்கு."