மணல் மூட்டைக்குப் பசிக்காது

எழுபத்திரண்டு கிலோ என்று அவன் சொன்னது பொய். சொன்ன நாளில் என்னவோ ஏறக்குறைய உண்மையாகத்தான் இருந்தது. அப்புறம் பன்னும் கிரீம் பிஸ்கட்டும் உள்ளே போகப் போகப் பொய்யாகிவிட்டது.

அவன் பந்தயக் கார் ஓட்டுகிறவன். நேர்க்கோட்டுப் பந்தயம், பச்சை விளக்கு எரிந்ததும் சீறிப் பாய வேண்டும். அந்தக் காரின் பின்பக்க சஸ்பென்ஷன் அவன் மனைவியின் பொறுப்பு. கிளம்பும் நொடியில் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே மாதிரி அழுந்தித் தரையைக் கவ்வினால்தான் கார் நேராகப் போகும். அதற்காகச் சக்கரத்துக்கு ஒரு தராசு வைத்து, எடை பார்த்துப் பார்த்து ஸ்பிரிங்கைக் கூட்டிக் குறைப்பாள். அப்படி எடை பார்க்கிற நாளில் மட்டும் அவனுக்கு எங்கிருந்தோ வேலை வந்துவிடும். அவளும் பாவம், அவன் சொன்ன எடைக்கு மணல் மூட்டை கட்டி, வலப்பக்கம் அவன் சீட்டில் உட்காரவைத்துவிடுவாள்.

கட்டிய மனைவிக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தினமும் பார்க்கிற முகம் பெருப்பது கண்ணில் படாது. மிச்சத்தைத் தொளதொள பந்தய உடுப்பு மறைத்துவிடும்.

அன்று காலை ஒத்திகை ஓட்டம் இரண்டிலும் வலது சக்கரம் கவ்வியது, இடது சக்கரம் வெட்டியாகச் சுழன்று புகை கக்கியது. கார் இடப்பக்கச் சுவரைப் பார்த்துப் போனது.

"அடுத்ததும் இப்படிப் போச்சுன்னா, இனிமே சஸ்பென்ஷன நான் பாத்துக்கறேன்," என்றார் அவளுடைய அண்ணன். காருக்குச் சொந்தக்காரர் அவர். "நீ டீ போடு, போதும்."

வழக்கமாக அண்ணனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுபவள், அன்று காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். "எங்கயோ தப்பு பண்ணிட்டேன். எங்கன்னுதான் தெரியல," என்று அவள் முணுமுணுத்தது அவன் காதில் விழுந்தது. அவனால் அதைத் தாங்க முடியவில்லை. மச்சான் எதிரே எடையைச் சொன்னால் ஆயுசுக்கும் கிண்டல்தான். போகட்டும் என்று ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"தப்பு உன்மேல இல்ல," என்றான். ஒரு தராசை இழுத்துப் போட்டு ஏறி நின்றான். எண்பத்தாறு.

"மாப்ள, உள்ள ஒரு பிள்ளையவே வெச்சிருக்கீங்களே!" மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "மணல் மூட்டைக்குப் பசிக்காதுன்னு மறந்தே போச்சு எனக்கு," என்று முறைத்தாள். ஆனால் தப்பு தன்னுடையதில்லை என்ற நிம்மதி முகத்தில் பளிச்சென்று தெரிந்தது. "உள்ள உக்காருங்க."

அவனை உட்காரவைத்தே வலப்பக்க ஸ்பிரிங்கைத் தளர்த்தினாள். அடுத்த ஓட்டத்தில் கார் கயிறு பிடித்தாற்போல் நேராகப் பாய்ந்தது. அன்றைக்கு டீயை அண்ணனே போட்டார்.

அடுத்த பந்தயத்துக்குள் அவன் ரோஷத்தில் பட்டினி கிடந்தான். காலையில் பெருமையாகத் தராசில் ஏறினான். எண்பத்து மூன்று.

"யாரக் கேட்டு இளைச்சீங்க?" என்றாள் அவள். "என் செட்டிங் என்ன ஆகறது?"

பன் பொட்டலத்தைப் பிரித்து அவன் கையில் திணித்தாள். "தின்னுங்க."