உயிருள்ளவர்களுக்கான வண்டி

பிழைக்கமாட்டான், வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் கையை விரித்ததும் எல்லம்மா கேட்ட முதல் கேள்வி, வாடகைக்கு மோட்டார் எங்கே கிடைக்கும் என்பதுதான். புருஷன் சாகக் கிடக்கும்போது வண்டி விசாரிக்கிறாளே என்று பக்கத்துப் படுக்கைக்காரனின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு எல்லம்மாவின் ஊரைத் தெரியாது.

ஆலங்காயத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர் அது. வெளியூரில் செத்தவனின் உடம்பு ஊருக்குள் வரக்கூடாது. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் கிடத்தி, அங்கேயே அழுது, அங்கிருந்தே சுடுகாட்டுக்குத் தூக்கிவிட வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை யார் போட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. போட்ட புண்ணியவான் தன் வீட்டில், தன் பாயில், பெண்டாட்டி பிள்ளைகள் சுற்றி நிற்கச் சுகமாகச் செத்திருப்பான். பிழைப்புக்கு ஆம்பூருக்கு ஓடியவனைப் பற்றி அவனுக்கு என்ன கவலை.

எல்லம்மாவின் புருஷன் கன்னியப்பனின் அப்பா அப்படித்தான் கிடந்தார். ஆம்பூரிலிருந்து கட்டை வண்டியில் வந்த உடம்பு, கல்லுக்கு வெளியே விடிய விடிய மழையில் நனைந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நாய்களை விரட்டியவன் கன்னியப்பன். பிறகு அவனும், அப்பா வேலை பார்த்த அதே தோல் பதனிடுகிற ஷாப்புக்குத்தான் போனான். வேறு எங்கே போவது? சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை இழுத்துப் போடுகிற வேலை. காலில் பட்ட வெட்டு புரையோடி, விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது. நினைவு தெளிவாக இருந்த கடைசி நாளில் எல்லம்மாவின் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டான்.

"எங்கப்பன் மாதிரி என்னை வெளியில போட்டுடாதே. நம்ம வூட்ல படுக்க வை."

சரி என்றாள். சொல்வதற்கு என்ன, வாய் இருந்தால் போதும்.

ரயில் என்றால் காட்பாடிக்குப் போய் ஏறி, வாணியம்பாடியில் இறங்கி, அப்புறம் மாட்டு வண்டி. அதுவரைக்கும் தாங்காது. ஆளை ஏற்றி இறக்கிப் போகிற பஸ்களில் படுத்த நோயாளியைச் சேர்க்கமாட்டார்கள். மொத்த வண்டியாகப் பேசுவது ஒன்றுதான் வழி. பார்க்க வந்திருந்த உறவு ஜனம் எல்லாம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மூட்டை முடிச்சோடு இருந்தது, அது ஒரு வசதி.

அப்துல் வஹீத் சாயபுவிடம் ஒரு சின்ன பஸ் இருந்தது. மரச்சட்டத்தில் தகரம் அடித்து, முட்டிக்கு முட்டி இடிக்க ஜனங்கள் உட்காரும் வண்டி. கல்யாணக் கோஷ்டிக்கும், தர்காவுக்கோ திருப்பதிக்கோ போகிறவர்களுக்கும் வாடகைக்கு விடுவார். எல்லம்மாவும், கன்னியப்பனின் பெரியப்பா கோதண்டராமனும் போய் அவர் முன்னால் நின்றார்கள்.

"எத்தினி பேரு? இன்னா விசேஷம்?" என்று கேட்டார் சாயபு.

"விசேஷம் ஒண்ணுமில்ல சாயபு. எங்க ஜனம்தான், ஊருக்குத் திரும்பறோம். அதுல ஒருத்தனுக்கு ஒடம்பு சொகமில்ல" என்று இழுத்தார் பெரியப்பா.

"சொகமில்லன்னா?"

"காய்ச்சல்" என்றாள் எல்லம்மா.

சாயபு கெட்ட மனிதர் அல்ல. கெட்ட மனிதராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வரலாம். "உள்ளதைச் சொல்லிடறேன்மா. போன வருஷம் எரக்கப்பட்டு ஒரு மய்யத்தை, செத்த ஒடம்பை ஏத்திட்டேன். விஷயம் தெரிஞ்சு, அதுக்கப்புறம் ஒரு கல்யாணக்காரனும் வண்டியைத் தொடல. உசுரோட இருக்கறவங்களுக்குத்தான் என் வண்டி. வழியில ஏதாச்சும் ஆய்ட்டா டிரைவர் அங்கியே எறக்கி வுட்டுட்டு வந்துடுவான். அப்புறம் பேஜார் பண்ணக்கூடாது" என்றார்.

"ஒண்ணும் ஆவாது" என்றாள் எல்லம்மா.

டிரைவருக்குப் பின்னால் இருந்த பலகையில் கன்னியப்பனை ஜன்னல் ஓரமாகச் சாய்த்து உட்கார வைத்தார்கள். தலை எல்லம்மாவின் தோளில். கழுத்துவரை கம்பளி. அடுத்த பலகையில், நேர் பின்னால், அவன் அம்மா தனகோடி. கண்ணில் பூ விழுந்தவள். எதிரில் நிழல்தான் தெரியும். பெரியப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெயில் இறங்குவதற்குள் போய்விடலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பள்ளிகொண்டா தாண்டி, பாலாற்றை ஒட்டிப் போகும்போது, தோளில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றது. அடுத்தது வரும் என்று எல்லம்மா காத்திருந்தாள். முன்பும் இப்படி இரண்டொரு தரம் நின்று நின்று வந்திருக்கிறது. இந்தத் தடவை வரவில்லை.

முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். ஒரு சத்தம் போதும். வண்டி நிற்கும், இந்தப் பொட்டல் ரோட்டில் அவனை இறக்குவார்கள், அப்புறம் எந்த வண்டியில் போனாலும் எல்லைக் கல்தான். அவன் இமைகளை விரலால் மூடினாள். தாடை தொங்கியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, குளிர்காற்றுக்குக் கட்டுகிற மாதிரி, தாடையைச் சேர்த்துத் தலையில் முடிச்சுப் போட்டாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் சரிந்த உடம்பைத் தன் உடம்பால் முட்டுக் கொடுத்தாள். தாலி கட்டியவன் செத்த கணத்தில் அவனுக்குத் துக்கம் கொண்டாட அவளுக்கு விதிக்கவில்லை. ஆணி அடித்த மாதிரி அவனை உட்கார வைக்கத்தான் விதித்திருந்தது. இந்தக் கொடுமை எந்தப் பொம்பளைக்கும் வரக்கூடாது.

ஆம்பூர் நெருங்கியதும் தோல் நாற்றம் உள்ளே வந்தது. பின்னாலிருந்து தனகோடி பேச ஆரம்பித்தாள்.

"டேய் கன்னி, உன் ஊரு வந்துட்ச்சுடா. நாத்தம் தெரியுதா? ஒடம்பு தேறட்டும், இனிமே இந்தப் பக்கமே வர வேணாம். கொல்லையில கம்பு வெதைச்சா நாம குடிக்கற கூழுக்கு வராதா?" கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருந்தாள். "எல்லம்மா, தூங்கறானா?"

"கண்ணை மூடிக்கினு இருக்காரு அத்தை."

"நான் பேசறது அவனுக்குக் கேக்குதா?"

எல்லம்மா ரோட்டைப் பார்த்தாள். "கேக்குது அத்தை" என்றாள்.

அவ்வளவுதான், கிழவிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சின்ன வயதில் அவன் கிணற்றில் விழுந்தது, அவள் அடித்தது, அடித்ததற்காக இப்போது வருத்தப்படுவது, எல்லாவற்றையும் மகனிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கடைத்தெருவில் ஒருவன் கையை நீட்டி வண்டியை மறித்தான். கன்னியப்பனோடு குழியில் இறங்குகிற மக்பூல் அகமது. சேதி கேட்டுக் காத்திருந்திருக்கிறான். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினான். எல்லம்மா தடுப்பதற்குள், மக்பூல் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கம்பளிக்குள் சிநேகிதனின் கையைப் பிடித்தான். பிடித்தபடியே நின்றான். அவன் கண் மெதுவாக எல்லம்மாவின் பக்கம் வந்தது. அவள் தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம் என்று.

மக்பூல் அந்தக் கையைக் கம்பளிக்குள் வைத்து மூடினான்.

"இன்னாப்பா, எப்படி இருக்கான்?" என்று கேட்டார் பெரியப்பா.

"தூங்கறான் பெரியவரே. எங்கியும் நிக்காம சீக்கிரம் போங்க" என்று சொல்லிவிட்டு மக்பூல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வாணியம்பாடி போயிற்று, ஆலங்காயம் போயிற்று. எல்லைக் கல் வந்தது, அதுவும் போயிற்று. "உசுரோட கொண்டாந்து சேத்துட்டோம்மா" என்றார் பெரியப்பா. டிரைவரும் பெருமூச்சு விட்டான். நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய் நடுவீட்டில் பாயில் கிடத்தினார்கள். ஊர் வாசலில் கூடிவிட்டது. கடைசிப் பால் ஊற்றட்டும், தாயும் பெண்டாட்டியும் மட்டும் இருக்கட்டும் என்று ஆண்கள் வெளியே வந்தார்கள்.

தனகோடி சங்கில் பாலை எடுத்துக்கொண்டு தடவித் தடவி மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். உதட்டில் சங்கை வைத்து, "கன்னி, வாயைத் தெற" என்றாள். திறக்கவில்லை. கன்னத்தை அழுத்தினாள். தாடை இறுகிப்போயிருந்தது. எத்தனையோ பிணத்தைக் குளிப்பாட்டிய கை அது. பால் வழிந்து காதுக்குள் போயிற்று.

"எங்க போச்சு உசுரு?" என்றாள், பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"பள்ளிகொண்டா தாண்டி."

கிழவி, "அப்ப ஆம்பூர்ல..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு, "கேக்குதுன்னியே" என்றாள்.

அவன் ஆசையை அவனுக்குக் கொடுத்தாயிற்று. அதை எதைக் கொடுத்து வாங்கினாள் என்பது எல்லம்மாவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"பால் எறங்குதா?" என்று வாசலிலிருந்து கேட்டார் பெரியப்பா.

தனகோடி முந்தானையால் மகனின் காதைத் துடைத்தாள், கன்னத்தைத் துடைத்தாள். "எறங்குது" என்றாள் உரக்க. சங்கைக் கீழே வைத்தாள். அப்புறம் நெஞ்சில் ஓங்கி அறைந்துகொண்டு, "போய்ட்டானே, என் கையால பால் குடிச்சிட்டுப் போய்ட்டானே" என்று குரலெடுத்தாள். ஊர் உள்ளே புகுந்தது.

வழியெல்லாம் அடைத்து வைத்த அழுகைக்கு எல்லம்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வறண்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, நெஞ்சழுத்தக்காரி என்று பெண்கள் காதோடு காது பேசினார்கள். அவள் மெல்ல நகர்ந்து போய் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். ஒப்பாரியை நிறுத்தாமலே தனகோடி குனிந்து, அந்தக் கையைத் தேடிப் பிடித்து விலக்கினாள்.

"உன் பங்கு வண்டியிலியே முடிஞ்சிட்ச்சு. இது என்னுது" என்றாள் அவள் காதில்.

எல்லம்மா எழுந்து சுவரோரமாகப் போய் நின்றாள்.